குண்டூசி தட்டினாள், கூரை பதில் சொன்னது

டமார்!

அதோடு நிற்கவில்லை. டமார், டமார், டமார் என்று பதினான்கு மடக்கு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து விழுந்தன. வீட்டில் விழுந்திருந்தால் ஒரு தடவைதான் கேட்டிருக்கும். அந்தப் பேராலயத்தில் விழுந்ததால் ஏழு விநாடி கேட்டது. சத்தம் கூரை வரை ஏறி, தூண் தூணாக நின்று விசாரித்துவிட்டு, கடைசியில் நேராக என்னிடமே திரும்பி வந்தது.

கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் நாற்காலிகளை. அப்புறம் அவற்றுக்கு நடுவே ஒரு கீறல்கூட இல்லாமல், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி நின்ற என் மகளை. கடைசியாக என்னை.

"விழுந்துச்சு" என்றாள் அவள். நாற்காலிகள் கூடிப் பேசி முடிவெடுத்து விழுந்த மாதிரி.

வயது இரண்டே கால். பிறப்புச் சான்றிதழில் அழகான ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் குண்டூசி. ஆள் சின்னது, எங்கே இருக்கிறாள் என்பது குத்தும்போதுதான் தெரியும்.

நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பதினோரு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பியே பிழைப்பு நடத்துகிறேன். யார் எந்தச் சுவரில் கொண்டுபோய் விடப் பார்த்தாலும் என் கால் முந்திக்கொள்ளும். பெற்ற பிள்ளைக்கு மட்டும் அப்படி ஒரு பிரேக்கை யாரும் பொருத்தித் தரவில்லை. அந்த நாற்காலிகள் சரியும்போதுகூட என் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் என்னை நடுங்க வைத்தது சத்தமல்ல, அதற்குப் பிறகு வந்த அமைதி. அதுவரை உச்சியில், சாரத்தின் மேல், 'டொக்... டொக்... டொக்...' என்று சீராகக் கேட்டுக்கொண்டிருந்த ஒலி நின்றுபோயிருந்தது.

அங்கே தட்டிக்கொண்டிருந்தவள் என் மனைவி. அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை.

"கோயில் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று காலையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மூன்று தடவை சொன்னாள். "இவ என்னைப் பார்த்தா அழுவா. இவ அழுதா நான் இறங்கிடுவேன். நான் இறங்கினா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க. சறுக்கு மரம், ஊஞ்சல், மண்ணு, என்ன வேணா பண்ணுங்க. ஒரு மணி வரைக்கும் எனக்குப் புருஷனும் இல்ல, பொண்ணும் இல்ல."

"ஒரு மணிக்கு அப்புறம்?"

"அதை அப்புறம் பார்க்கலாம்."

நான் என்ன, வேண்டுமென்றா வந்தேன்? பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பார்க்குக்கு எதிரிலேயே இருக்கும் பெரிய கூரை அதுதான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், மழை ஒரு சாக்கு. அவள் மேலே ஏறி நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. பின்வரிசையில் ஒளிந்து நின்று ஐந்தே நிமிஷம் பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். குண்டூசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒளிந்து நிற்க நினைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடங்களின் கூரையில் சுண்ணாம்புக் காரை பூசி, அதன்மேல் நட்சத்திரமும் தேவதையுமாகப் படம் எழுதியிருப்பார்கள். வயதானால் அந்தக் காரை சில இடங்களில் கல்லைவிட்டுக் கழன்று, உள்ளே காற்றோடு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. விரல் முட்டியால் தட்டினால் காதுக்குத் தெரியும். ஒட்டியிருந்தால் 'டொக்'. கழன்றிருந்தால் 'டொப்'. அதைப் பொள்ளல் என்பார்கள். பொள்ளலைக் கண்டுபிடித்த இடத்தில் சின்னத் துளை போட்டு, உள்ளே சுண்ணாம்புப் பால் ஏற்றி, மறுபடி ஒட்டவைப்பார்கள்.

தட்டுகிறவர்கள் பேசக்கூடாது. மூக்கையும் வாயையும் மூடித் தூசிக் கவசம். வாயைத் திறந்தாலோ ஒரு சொல் ஏழு விநாடி சுற்றிவந்து அடுத்த தட்டைக் கெடுத்துவிடும். அதனால் ஒரு ஏற்பாடு. நல்ல இடமென்றால் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர வேண்டும். பொள்ளலென்றால் அதே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு தட்டு. உடனே பக்கத்துப் பலகையில் மல்லாந்திருக்கும் கூட்டாளி அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிடுவார். அன்றைக்கு என் மனைவிக்கு வாய்த்த கூட்டாளிக்கு அந்தக் குழுவில் சாக்பீஸ் அக்கா என்றே பெயர்.

குண்டூசி வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது சாரத்தைவிட்டு இறங்கியவள் என் மனைவி. இரண்டு வருஷத்துக்கு மேல் விலகியிருந்தவர்கள் மறுபடி சேர வேண்டுமென்றால் அரை நாள் தட்டிக் காட்ட வேண்டும்: கூரையில் நாற்பது கட்டம், ஒவ்வொன்றிலும் நடுவில் படம், ஓரத்தில் வெறும் காரை. மேஸ்திரி கையெழுத்துப் போட்டால் இந்தக் கூரை முடியும்வரை, இரண்டு வருஷத்துக்கு வேலை. போடாவிட்டால் அடுத்த கூரை எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது.

"கை நடுங்காது. பயமெல்லாம் காதுக்குத்தான்" என்று முந்தின நாள் சாயங்காலம் சொன்னாள். "ரெண்டு வருஷமா இவ போட்ற கூச்சல்ல என் காது இன்னும் உசிரோட இருக்கான்னே தெரியலைங்க." சமையலறைச் சுவர், பீரோ, கதவு என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவள் என் நெற்றியில் ஒரு தட்டு தட்டினாள். ஒரு கணம் யோசித்தாள். அதே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு தட்டினாள். குண்டூசி சாக்பீஸுக்குப் பதில் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வந்துவிட்டாள்.

அவர்கள் மேஸ்திரிக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். ரசமட்டக் கருவிக்குள் இருக்கும் குமிழி மாதிரி, எந்தப் பக்கமும் சாயாத மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை, திட்டியும் பார்த்ததில்லை. சாரத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, தட்டுகிற ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாராம்.

இப்போது அந்த ஒலிதான் நின்றிருந்தது.

நான் குண்டூசியை அள்ளி ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கினேன். பத்து பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத தூண். மேலே பலகைகளின் இடுக்கில் என் மனைவியின் முழங்கையும் மஞ்சள் தலைக்கவசமும் தெரிந்தன. அவள் கீழே குனிந்து பார்க்கவில்லை. இரண்டு மூச்சு நேரம். பிறகு, 'டொக்.' எனக்கும் உயிர் வந்தது.

"சார்" என்றது பின்னால் ஒரு குரல். வாட்ச்மேன். இடுப்பில் சாவிக் கொத்து, முகத்தில் பெரிய மீசை. "பாப்பாவைக் கொஞ்சம் பிடிச்சுக்கக் கூடாதா?"

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எங்கே?"

கையைப் பார்த்தேன். காற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் நடுக்கூடத்தில் இருந்தாள். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கற்கள் பதித்திருந்தார்கள். கறுப்பில் மட்டும் கால் வைத்துத் தத்தித் தத்தி ஓடினாள், வெள்ளையில் கால் பட்டால் "ஆச்சு, போச்சு!" என்று அவளே அபராதம் விதித்து, திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்கினாள். மழை விட்டிருந்தது. கண்ணாடி ஜன்னல் வழியே வெயில் இறங்கி, தரையில் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக விழுந்தது. குண்டூசி உட்கார்ந்து ஒரு சிவப்புத் திட்டை நகத்தால் பெயர்த்துப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் அள்ளினாள். கையில் சிவப்பு விழுந்ததும் அப்படியே மூடிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"அப்பா, வச்சுக்கோ."

சட்டைப் பையைத் திறந்து காட்டினேன். கொட்டினாள்.

"பத்திரம்" என்று ஒரு எச்சரிக்கை வேறு.

வாட்ச்மேனின் மீசை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரிந்தது. உடனே சமாளித்துக்கொண்டு உதட்டில் விரல் வைத்து, "உஷ்!" என்றார்.

"உஷ்!" என்றாள் குண்டூசியும், அவரைப் பார்த்து, அதைவிடச் சத்தமாக.

"நான் உன்னைச் சொன்னேன் பாப்பா."

"நான் உன்னைச் சொன்னேன்."

இதற்கு மேல் பேச்சு வளர்த்தால் மரியாதை இருக்காது என்று அவர் நாற்காலிகளை நிமிர்த்தப் போய்விட்டார். நானும் கூடப் போய் நான்கைந்தைத் தூக்கி வைத்தேன். அந்த நேரத்தில்தான் அவளுக்கு அம்மா நினைவு வந்தது.

"அம்மா காணோம்" என்றாள், பக்கத்திலிருந்த மர பெஞ்சின்மேல் சாய்ந்து.

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்கடா கண்ணு. வந்துடுவாங்க."

அவள் என் பதிலை ஏற்கவில்லை. முட்டியை மடக்கி பெஞ்சின் முதுகில் தட்டினாள்.

டொக், டொக், டொக்.

தூக்கிய நாற்காலியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் அது எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் சமாசாரம். அம்மா கதவைச் சாத்தினால் இவள் ஊரைக் கூட்டுவாள். அதற்கு என் மனைவி கண்டுபிடித்த மருந்து இது: வெளியே இவள் மூன்று தட்டு தட்ட வேண்டும், உள்ளே அவள் இரண்டு தட்டுவாள். 'இருக்கியா?' 'இருக்கேன்.' அவ்வளவுதான், அழுகை நின்றுவிடும். இந்த இரண்டே கால் வருஷத்தில் என் மனைவி ஒழுங்காகக் குளித்ததெல்லாம் அந்த இரண்டு தட்டின் புண்ணியத்தில்தான். தலையில் சோப்பு வழிந்தாலும் கை கதவுக்குப் போகும்.

காலியான அந்த உயரத்தில் மர பெஞ்சின் ஒலி மூன்றும் அழகாக மேலே ஏறின. சாரத்தில் தட்டுவது நின்றது.

வேண்டாம், வேண்டாம் என்று மனசுக்குள் கத்தினேன். வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

மேலிருந்து வந்தது: டொக்-டொக்.

"அம்மா!" என்று குதித்தாள் குண்டூசி. "அம்மா மேல!"

இடுக்கு வழியே பார்த்தேன். சாக்பீஸ் அக்காவின் கை நீண்டது. நிதானமாக ஒரு வட்டம் போட்டது. நன்றாக ஒட்டியிருந்த ஒரு காரை, என் மகளின் உபயத்தில் பொள்ளலாகிவிட்டது.

"போதும்டா தங்கம், அம்மா இருக்காங்க, கேட்டாச்சு, வா போலாம்" என்று தூக்கினேன். வழக்கமாக ஒரு பதிலோடு அடங்குகிறவள்தான். ஆனால் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும் பதிலும், வானத்திலிருந்து வரும் பதிலும் ஒன்றாகுமா? என் கைக்குள் உடம்பை வளைத்து நழுவினாள். ஓடினாள். பாவமன்னிப்புக் கேட்கும் மரக் கூண்டு ஒன்று சுவரோரமாக இருந்தது. அலமாரி மாதிரி உள்ளே காலி. மத்தளம் மாதிரி ஒலித்தது.

டொக், டொக், டொக்!

டொக்-டொக்.

இரண்டாவது வட்டம்.

பக்கத்தில் முழங்காலிட்டிருந்த ஒரு பெரியவர் மெதுவாகத் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டார்.

நான் துரத்தினேன். பேராலயத்துக்குள் ஓடக்கூடாது, ஆகவே ஓடாமல் துரத்தினேன். வேகமாக நடப்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கால்களை மட்டும் ஓடவிட்டேன். அவளுக்கு இது புது விளையாட்டாகிவிட்டது. பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்தாள். நான் அந்தப் பக்கம் சுற்றிப்போனால் இந்தப் பக்கம் வந்தாள். கடைசியில் நான் குனிந்து கணுக்காலைப் பிடிக்கவும், அவள் நிமிர்ந்து மேடையின் மரப்படியில் தட்டவும் சரியாக இருந்தது.

மூன்றாவது வட்டம்.

அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டேன். இரண்டு கையையும் என் ஒரு கைக்குள் அடக்கினேன். வியர்த்து ஊற்றியது. மூன்று தப்பு. நாற்பது கட்டத்தில் மூன்று தப்பு என்றால் காது செத்துவிட்டது என்று அர்த்தம். அவளுடைய காது அங்கே பொன்னாக இருக்கிறது; பரீட்சையைக் கெடுத்தது நான்.

அப்போது வாட்ச்மேன் வந்தார். முகத்தில் ஒரு ஆச்சரியம்.

"சார், அது என்ன சார், பாப்பா தட்டினா மேலேருந்து பதில் வருது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. தற்செயல்."

"மூணு தடவையுமா தற்செயல்?" என்றவர், நான் தடுப்பதற்குள் இடுப்புச் சாவிக் கொத்தை எடுத்து மரக் கைப்பிடியில் தட்டினார். டொக், டொக், டொக்.

டொக்-டொக்.

"அட!" என்றார்.

"ஐயோ!" என்றேன்.

நான்காவது வட்டம்.

வாயைப் பொத்தி அழாத குறையாக அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க மீசை தொங்கிப்போயிற்று. சாவிக் கொத்தைப் பேன்ட் பையின் அடிவரை திணித்தார். "எனக்கென்ன சார் தெரியும்? சத்தியமா ஏதோ எதிரொலின்னு நினைச்சேன். சரி, பாப்பாவை எங்கிட்ட கொடுங்க" என்று வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார். அவர் தொப்பியை இவள் போட்டுக்கொண்டாள். அதன்பின் ஒரு மணி வரை, தட்டுவதற்கு மரமே இல்லாத கல் மண்டபமாகப் பார்த்து அவளை உலாத்திக்கொண்டிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். டொக். நகர்வு. டொக். நகர்வு. எப்போதாவது அடுத்தடுத்து இரண்டு தட்டு. அது நிஜமான பொள்ளலா, இல்லை அந்தப் பக்கம் யாராவது எதையாவது தட்டித் தொலைத்தார்களா என்று ஒவ்வொரு தடவையும் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

ஒரு மணி அடித்தது. ஏணி வழியாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் ரசமட்டம், கக்கத்தில் அட்டையும் பேனாவும். அடுத்து சாக்பீஸ் அக்கா. கடைசியாக என் மனைவி. இமையிலும் புருவத்திலும் வெள்ளைத் தூசி. கவசம் இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அம்மா!" வாட்ச்மேனின் தோளிலிருந்து ஏறக்குறையப் பறந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள் குண்டூசி. நிமிர்ந்து பார்த்து, "மாவு" என்று அம்மாவின் மூக்கைத் தொட்டாள்.

"ஓ, கச்சேரி நடத்தினது இந்தம்மாதானா?" என்றார் சாக்பீஸ் அக்கா. "மேல எங்களுக்கெல்லாம் நல்லா கேட்டுச்சு. தம்பி, அந்த முதல் சத்தம் என்ன, அலமாரியா?"

"நாற்காலிங்க, அக்கா. பதினாலு."

"பதினாலேதானா? அதிகமா இருக்கும்னு நினைச்சேன்."

ரசமட்டம் யாரையும் பார்க்கவில்லை. அட்டையை பெஞ்சின்மேல் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார். "நாப்பது கட்டம். பதினோரு வட்டம்" என்றார்.

அவர் பேனா தாளைத் தொடப் போகும் நேரம். வாயைத் திறக்காதே, திறக்காதே என்று அவளைக் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"மேஸ்திரி, ஒரு நிமிஷம்" என்றாள் என் மனைவி. "அதுல நாலு தப்பு."

பேனா நின்றது.

"ஒன்பதாம் கட்டத்துல வலது ஓரம். பதினாறுல கீழ் ஓரம். பதினெட்டு, இருபத்தொண்ணு ரெண்டுலயும் இடது ஓரம். நாலும் நல்ல காரை. பொள்ளல் இல்ல. வட்டத்தை அழிச்சுடணும். இல்லேன்னா நாளைக்குத் துளை போட்டுடுவாங்க."

ரசமட்டம் அவளைப் பார்த்தார். பிறகு குண்டூசியைப் பார்த்தார். பேனாவை மூடினார். மறுபடி ஏணியில் ஏறிப் போய்விட்டார்.

எங்கள் மூவருக்கும் அந்த பெஞ்சில்தான் காத்திருப்பு. சாக்பீஸ் அக்கா, "நான் கை கழுவிட்டு வரேன்" என்று நாசூக்காக ஒதுங்கினார்.

"பார்க்குக்குத்தானே போகச் சொன்னேன்?" என்றாள் மனைவி, தாழ்ந்த குரலில்.

"மழை."

"மழைன்னா நமக்கு வீடு இல்லையா?"

"உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சு."

"தினம் பார்க்கிற மூஞ்சிதானே?"

"இவ்வளவு உசரத்துல பார்த்ததில்லையே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. குண்டூசி நடுவில் உட்கார்ந்து பிஸ்கட்டை ஈரமாக்கி, பாதியை அம்மா வாயிலும் பாதியை என் பேன்ட்டிலும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றேன். "அவர் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பார்."

"போட்டிருப்பார். நல்லா இருக்கிற காரையில ஓட்டையும் போட்டிருப்பாங்க. அதுக்குக் கீழ நின்னு நான் ரெண்டு வருஷம் வேலை பார்க்கணுமா? என்னால ஆகாதுங்க."

"இப்போ என்ன ஆகும்?"

"தெரியல" என்றாள். குண்டூசியின் தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "வேலை கிடைக்கலேன்னா இவளைத் திட்டாதீங்க. என்னையும் திட்டாதீங்க."

"என்னை?"

"உங்களை நான் திட்டிக்கிறேன்."

மேலே ரசமட்டத்தின் முட்டி தட்டுவது கேட்டது. டொக். நீண்ட இடைவெளி. டொக். நாங்கள் எண்ணினோம். நான்காவது தட்டுக்குப் பிறகு, மீதி ஏழு வட்டங்களையும் அவர் விடவில்லை. டொப். டொப். டொப். எனக்கே வித்தியாசம் புரிந்தது. என் மனைவி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழும் டொப்தான்.

அவர் இறங்கி வந்தார். முழங்கையில் சாக்பீஸ் பொடி. அழித்திருக்கிறார்.

இனிமேலும் சும்மா இருந்தால் நான் மனிதனில்லை என்று எழுந்து நின்றேன். "சார், தப்பு முழுக்க என்னுது. அவ வர வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் வந்தேன். வீட்டுல குழந்தை மூணு தட்டினா இவ ரெண்டு தட்டணும், அப்படி ஒரு பழக்கம். ரெண்டு வருஷப் பழக்கம் சார். அவ தெரிஞ்சு செய்யல. சத்தம் கேட்டதும் கை தானா தட்டிடுச்சு."

வாட்ச்மேனும் பின்னாலிருந்து, "அதுல ஒண்ணு நான் தட்டினது சார்" என்று தலையைச் சொறிந்தார்.

என் மனைவி தரையில் உட்கார்ந்து குண்டூசியின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

"தப்பு பண்ற ஆளுங்க நிறைய பேரை நான் பார்த்துட்டேன்" என்றார் ரசமட்டம். "எந்த இடத்துல பண்ணினேன்னு சொல்லாமப் போறவங்களாலதான் எனக்குத் தொல்லை. பொள்ளல் ஏழையும் சரியாப் பிடிச்சிருக்கே. காது நல்லா இருக்கு." பேனாவைத் திறந்தார். தாளில் கையெழுத்தைப் போட்டார். ஒரு கோடுகூடச் சாயவில்லை. "திங்கள்கிழமை எட்டு மணி. இவங்க ரெண்டு பேரும் பார்க்குல இருக்கட்டும்."

என் மனைவி தாளை வாங்கிக்கொண்டாள். தூசி படிந்த கன்னத்தில் ஒரு கோடு இறங்கியது. "அம்மா, மாவு போச்சு" என்றாள் குண்டூசி.

ரசமட்டம் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான்கு எட்டு நடந்தார். அப்புறம் நின்றார். குனிந்து குண்டூசியின் தலையில் ஒரு விரலால் மெதுவாக ஒரே ஒரு தட்டு தட்டினார். நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்தது சிரிப்பு என்று நான் கோயிலுக்குள் நின்றே சத்தியம் செய்வேன்.

"ஏம்மா, தானா தட்டுற கை, நாலு தடவையும் படத்தை விட்டு ஒதுங்கி வெறும் ஓரமாப் பார்த்துப் போய்த் தட்டுமா?"